கம்பளிக் கோட்டுக்குள் கதகதப்புத் துணி: எதை வைப்பது, எங்கே நிறுத்துவது?

கேள்வி: ஊட்டிக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். கணவர் அதிகாலையில் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறார். அவருக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் கம்பளிக் கோட் ஒன்றை வீட்டிலேயே தைக்கப் போகிறேன். மேல்துணியும் சாட்டின் லைனிங்கும் வாங்கிவிட்டேன், இன்னும் வெட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் கதகதப்புக்காக ஒரு துணி வைக்கலாம் என்கிறார்கள். எந்தத் துணி வைப்பது? எப்படி வைப்பது? வைத்தால் கோட் பொதபொதவென்று ஆகிவிடாதா?

பதில்:

இன்னும் வெட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை. கதகதப்புத் துணியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன்புதான். பலர் கோட்டைச் சாதாரண அளவில் வெட்டித் தைத்துவிட்டு, லைனிங் போடும் கட்டத்தில் நடுவில் எதையாவது திணித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கோட் பொதபொதவென்று ஆவதும், பொத்தான் போட்டால் மார்பில் இழுப்பதும், கையைத் தூக்கினால் கோட்டே மேலே ஏறுவதும் அதனால்தான். அந்தக் குறை துணியில் இல்லை, இடம் விடாததில் இருக்கிறது.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் நடுவில் வைக்கும் துணியின் வேலை அந்தக் காற்றுக்கு இடம் கொடுப்பது மட்டுமே. கோட் இறுக்கமாக இருந்தால் துணி நசுங்கும், நசுங்கினால் காற்று வெளியேறிவிடும். தடித்த துணியை வைத்தும் குளிர்கிறதே என்று வருந்துகிறவர்களின் கோட்டைப் பார்த்தால், பெரும்பாலும் தோளிலும் முதுகிலும் அந்தத் துணி அப்பளமாகத் தட்டையாகியிருக்கும்.

எவ்வளவு இடம் விடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நடுவில் வைக்கப்போகும் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்து, அழுத்தாமல், பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். அதை நான்கால் வகுத்தால் ஒரு மடிப்பின் கனம் கிடைக்கும். 12 மி.மீ. வந்தால் கனம் 3 மி.மீ. வட்டமான உடம்பைச் சுற்றி 3 மி.மீ. அடுக்கு ஒன்று கூடினால் சுற்றளவு ஆறு மடங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது 19 மி.மீ. அளவுக்குக் கூட வேண்டும். நம் டேப்பில் அது முக்கால் அங்குலம்.

இந்த முக்கால் அங்குலம் உடம்பின் பருமனைப் பொறுத்து மாறுவதில்லை. 44 அங்குல மார்புச் சுற்றிலும் முக்கால்தான், 15 அங்குலக் கைச்சுற்றிலும் அதே முக்கால்தான். மார்பில் முக்கால் அங்குலம் குறைந்தால் அவருக்குத் தெரியாமலே போகலாம். கையில் குறைந்தால் முழங்கையை மடக்கவே முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள தையற்காரர்கள் உடம்புப் பகுதிக்கு ஒரு துணியும் கைக்கு அதைவிட மெல்லிய வேறொரு துணியும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே துணி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

இப்போது காகித வெட்டுக்கு, அதாவது துணியின் மேல் வைத்து வெட்டும் மாதிரிக் காகிதத்துக்கு வருவோம். பக்கத் தையல்கள் இரண்டு, அவற்றுக்கு ஓரங்கள் நான்கு. ஒவ்வோர் ஓரத்திலும் 5 மி.மீ. கூட்டினால் மொத்தம் 20 மி.மீ. வந்துவிடும். முன்துண்டிலும் பின்துண்டிலும் கைக்குழி இதனால் தலா 5 மி.மீ. அகலப்படும். ஆகவே கையின் அடித்தையலிலும் இருபுறமும் 5 மி.மீ. கூட்டுங்கள், இல்லையென்றால் கை குழியில் பொருந்தாது. தோள் முனையை முன்னும் பின்னும் 3 மி.மீ. உயர்த்துங்கள். கையின் தலைப்பகுதியையும் அதே 3 மி.மீ. உயர்த்துங்கள். கைக்குழியை ஆழமாக இறக்கினால் வசதியாக இருக்கும் என்று தோன்றும். செய்யாதீர்கள். குழி இறங்க இறங்கக் கையைத் தூக்கும்போது கோட் முழுவதும் கூடவே எழும்பும். வண்டியின் கைப்பிடியை நீட்டிப் பிடிக்கிறவருக்கு அது தினசரித் தொல்லை.

இந்தக் கூட்டல் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் ஒன்றுபோலவே இருக்கட்டும். லைனிங் சற்றுத் தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. இறுகினால் கோட்டின் வெளிப்புறமே சுருக்கம் காட்டும். அடியில் ஸ்வெட்டர் போடுவாரா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் போட்டபடியே மார்பை அளந்தால் அதற்குத் தனிக் கணக்கு தேவைப்படாது.

இனி துணி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் உறைபனி படியும், விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், அதே நாளின் நண்பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் சாரலும் மூடுபனியும் விடாது. ஆக உங்களுக்குத் தேவை சைபீரியாவுக்கான கோட் இல்லை. ஈரத்தில் சூட்டை இழக்காத, காற்றைத் தாங்கும் கோட்.

உடம்புப் பகுதிக்கு என் முதல் தேர்வு தளர்வாக நெய்த மெல்லிய கம்பளிதான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அதன் இழைகள் இயல்பிலேயே சுருண்டிருப்பதால் நசுங்கினாலும் மீண்டும் எழும்பும். இதற்காகப் புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. ஓரம் கிழிந்த பழைய கம்பளிச் சால்வை வீட்டில் இருந்தால் அதைவிடப் பொருத்தமான துணி கடையில் கிடைப்பது அரிது. பலமுறை துவைத்ததால் சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியிருக்கும், மென்மையாகவும் இருக்கும். ஓட்டை இருந்தாலும் குற்றமில்லை, அடியில் ஒரு சிறு துண்டு வைத்துத் தைத்தால் போதும், வெளியில் தெரியப் போவதில்லை.

கம்பளி என்று விற்கும் எல்லாம் கம்பளி இல்லை. சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துத் தீ காட்டிப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும், ஆறிய பிறகு நசுக்கினால் உடையாது. அக்ரிலிக் என்று தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதுவும் கதகதப்புத் தரும். ஆனால் இஸ்திரிச் சூட்டில் கவனம் வேண்டும். பானிபட்டில் பழைய கம்பளி உடைகளைப் பிரித்து மீண்டும் நூற்று நெய்யும் மலிவான போர்வைகள் இருக்கின்றன. அவற்றின் இழை குட்டையாக இருப்பதால் பஞ்சுபஞ்சாக உதிரும். அதை வைப்பதானால் லைனிங் நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டையெல்லாம் தூசு ஒட்டும்.

கம்பளி கிடைக்காவிட்டால் அடுத்தது மெல்லிய பாலியஸ்டர் பிளீஸ். குழந்தைப் போர்வைக்கு விற்கும் அந்த மொசுமொசுப்பான துணிதான். எடை குறைவு, சுருங்காது, பிசிறு விடாது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். புதிதாகத் தைக்கிறவர்களுக்கு இதைவிட இணக்கமான துணி இல்லை. குறை ஒன்றுதான், காற்று இதற்குள் தாராளமாகப் புகுந்துவிடும். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். திருப்பூரில் ஸ்வெட் ஷர்ட்டுக்காகப் பின்னும் பருத்திப் பிளீஸையும் கடையில் பிளீஸ் என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பருத்திப் பிளீஸ் கனமானது, ஊட்டியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுவதும் சில்லென்று இருக்கும்.

பருத்தி ஃபிளானலை நான் கைகளுக்கு மட்டும் வைப்பேன். கனம் ஒரு மி.மீ. சுற்றுதான், அதனால் கைச்சுற்றில் கால் அங்குலத்துக்கு மேல் இடம் கேட்காது. சுடுநீரில் ஒருமுறைக்கு இருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், அது சுருங்காமல் விடாது. தின்சுலேட் என்ற பெயரில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1970களின் இறுதியில் கொண்டுவந்த நுண்ணிழை அடுக்கு மெல்லியதாக இருந்துகொண்டே நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும். கிடைத்தால் நல்லது, தேடி அலைய வேண்டாம்.

இலவம்பஞ்சை வைத்தால் என்ன என்று நம் வீடுகளில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். உள்ளே குழலாக வெற்றிடம் உள்ள இழை அது, தண்ணீரும் ஒட்டாது, கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இழை குட்டை, வழவழப்பு அதிகம், ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்குள் அடைபட்டுக் கிடக்க அது சரி. கோட்டுக்குள் வைத்தால் சில வாரங்களில் எல்லாம் கீழே இறங்கி ஓரத்தில் உருண்டுகொள்ளும்.

துணியைத் தேர்ந்த பிறகு, எங்கே வைப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதில்தான் தையலின் நேர்த்தி தெரியும். பொத்தானும் காஜாவும் வரும் முன்ஓரத்தில் கதகதப்புத் துணி வேண்டாம். அங்கே மேல்துணியும் அதன் உள்பட்டியும் (ஓரத்தின் உட்புறம் வரும் அதே துணியின் பட்டை) சேர்ந்து இரண்டு மடிப்பு இருக்கின்றன, பொத்தான் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நான்கு மடிப்பாகின்றன, நடுவில் கேன்வாஸ் வேறு. குளிருக்கு அது தாராளம். காலரிலும் வேண்டாம், வைத்தால் கழுத்தில் திரண்டு நிற்கும். கீழ்மடிப்புக்குள்ளும் போகக் கூடாது. கோட்டின் கீழ்மடிப்பு இரண்டு அங்குலம் என்றால், அந்த மடிப்பின் மேல்விளிம்போடு கதகதப்புத் துணி நின்றுவிட வேண்டும். கைக்குழியில் தையல் கோட்டோடு வெட்டிவிடுங்கள். தையலுக்கு விட்ட இடத்துக்குள் அது நுழைந்தால் கை மாட்டும்போது மெஷினுக்கும் கஷ்டம், போடுகிறவருக்கும் அக்குளில் உறுத்தல்.

காலருக்கும் முன்ஓரத்துக்கும் வைக்கும் கேன்வாஸ், பக்ரம் வகையறாவை இதற்குப் பதிலாக நினைக்க வேண்டாம். அவை விறைப்புக்கு, இது கதகதப்புக்கு. கோட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

தைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. லைனிங்கின் ஒவ்வொரு துண்டோடும் கதகதப்புத் துணியை ஓட்டுத்தையலால் சேர்த்துவிட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைப்பது ஒரு முறை. கைகளுக்கு இதைச் செய்யுங்கள். சாட்டின் கைத்துண்டின் உள்பக்கத்தில் ஃபிளானலை வைத்து ஓரத்தைச் சுற்றி ஓட்டி, கைத்தையலைப் போட்டதும் தையலுக்கு வெளியே நிற்கும் ஃபிளானலை 3 மி.மீ. விட்டு நறுக்கிவிடுங்கள். மணிக்கட்டில் கீழ்மடிப்புக்கு மேலேயே அது நிற்கட்டும்.

உடம்புப் பகுதிக்கு இந்த முறை எனக்குப் பிடிக்காது. கோட் லைனிங்கின் முதுகு நடுவில் அசைவுக்காக ஒரு மடிப்பு வைக்கிறோம். தடித்த துணியை அதோடு சேர்த்து மடித்தால் முதுகுத்தண்டில் ஒரு கட்டை போல நிற்கும். ஆகவே உடம்புக்குக் கதகதப்புத் துணியைத் தனியாக ஒரு கையில்லாத உள்கோட்டாகத் தைத்து, மேல்துணிக்குள் பொருத்தி, அதை மறைத்து லைனிங் போடுங்கள்.

உள்கோட்டை மேல்துணியின் காகித வெட்டை வைத்தே வெட்டலாம், உள்பட்டி வரும் அகலத்தையும் கீழ்மடிப்பையும் கழித்துவிட வேண்டும். உள்பட்டியின் ஓரத்தின் மேல் அரை அங்குலம் ஏறும்படி விட்டால் போதும். தோளையும் பக்கத்தையும் இணைக்கும்போது வழக்கம்போல முகத்தோடு முகம் வைத்துத் தைத்து விரித்துவிடாதீர்கள், அங்கே மொத்தை தட்டும். ஒரு துண்டின் ஓரத்தை இன்னொன்றின் மேல் படுக்கவைத்து, இரண்டு தையல் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி சரிசெய்து, அந்தக் கோட்டின் மேல் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷின் என்றால் அடுத்தடுத்து இரண்டு வரிசை போடுங்கள். பிறகு மேலும் கீழும் நீட்டி நிற்கும் துணியைத் தையலை ஒட்டி நறுக்கிவிட்டால் இணைப்பு படிந்து கிடக்கும். மேல்துணியில் டாட் (உடம்பின் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் முக்கோண மடிப்பு) இருந்தால் உள்கோட்டில் அந்த முக்கோணத்தை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, இரு ஓரங்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்து, அடியில் ஒரு மெல்லிய பருத்தி நாடாவை வைத்து இணையுங்கள்.

மேல்துணியின் தோள், பக்கம், கை எல்லாம் தைத்து முடித்து, லைனிங் போடுவதற்கு முன்பு உள்கோட்டைக் குண்டூசியால் பொருத்தி அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்றால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி ஓட்டுவதுபோல இரு கைகளையும் நீட்டட்டும். முதுகின் குறுக்கே இழுத்தால் உள்கோட்டின் முதுகு நடுவில் தோளெலும்பு உயரத்திலிருந்து இடுப்பு வரை நேராக ஒரு வெட்டுப் போடுங்கள். அது தேவைக்கேற்ப விரிந்துகொள்ளும், மேல்துணி மூடியிருப்பதால் அந்த இடைவெளியில் குளிர் ஏறாது. சரியாக அமர்ந்த பிறகு, மேல்துணியில் தையலுக்கு விட்ட ஓரங்களோடு மட்டும் உள்கோட்டைக் கைத்தையலால் தளர்வாகப் பிடித்துவையுங்கள். நூலை இழுத்தால் வெளியே குழி விழும். ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, துணி இறங்கி நின்ற பிறகு கீழ்விளிம்பைச் சமன் செய்து நறுக்குங்கள். அதன் பின் லைனிங்கை உள்பட்டியின் மேல் ஹெம்மிங் செய்தால் உள்கோட்டின் ஓரம் மறைந்துவிடும்.

மெஷினில் ஊசி 16ஆம் எண், தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மெஷினின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, துணியைப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். அழுத்தம் அதிகமானால் அடியில் உள்ள துணி முன்னே நகர்ந்து மேலே உள்ள துணி பின்தங்கிவிடும். லைனிங்கோடு சேர்த்துக் குறுக்குத்தையல் போட்டு மெத்தைபோல் ஆக்க விரும்பினால் கோடுகளை மூன்று அங்குல இடைவெளியில் போடுங்கள். ஒவ்வொரு கோடும் துணியை நசுக்கும் இடம் என்பதால் நெருக்கமாகப் போட்டால் கதகதப்பு குறையும். குறுக்குத்தையல் போட்டால் துணியும் சுருங்கும், எனவே முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

வண்டியில் போகிறவர் என்பதால் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல துணியை நடுவில் வைத்தாலும் எதிர்காற்று ஊடுருவினால் உள்ளே நின்ற சூடான காற்று போய்விடும். முன்துண்டுகள் இரண்டிலும், மேல்துணிக்கும் உள்கோட்டுக்கும் நடுவில், நெருக்கமாக நெய்த பருத்திப் பாப்ளின் ஒரு மடிப்பு வையுங்கள். தோளிலிருந்து இடுப்பு வரை இருந்தால் போதும். கனம் கூடாது, காற்று பெருமளவு தடைபடும். சிலர் பிளாஸ்டிக் தாளை வைக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, நண்பகலுக்குள் சட்டை நனைந்து, அந்த ஈரமே குளிரை வரவழைக்கும்.

கழுத்து, மணிக்கட்டு, கீழ்விளிம்பு ஆகிய மூன்று வாசல்களையும் கவனியுங்கள். கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் வழியே சூடான காற்று வெளியேறிக் குளிர்காற்று உள்ளே வருகிறது. கைமுனையிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, லைனிங்கோடு ஸ்வெட்டர் ரிப் பட்டி ஒன்றை இணைத்துவிடுங்கள். பழைய ஸ்வெட்டரின் கைப்பட்டியையே வெட்டி எடுக்கலாம். வெளியே தெரியாது, மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும். கோட் முழுவதும் இன்னோர் அடுக்கு வைப்பதைவிட இந்த இரண்டு பட்டிகள் அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. காலருக்கும் அப்படித்தான், மேலே தூக்கி ஒரு பொத்தானால் கழுத்தோடு மூடும்படி வைத்துவிடுங்கள்.

நண்பகல் வெயிலில் கழற்றி வைக்க வசதி வேண்டுமானால் உள்கோட்டை நிரந்தரமாகத் தைக்காமல், இருபுறமும் லைனிங் போட்டு முடித்து, உள்பட்டியின் ஓரத்தில் தட்டையான சிறு பொத்தான்களால் மாட்டும்படி செய்யலாம். வேலை இருமடங்காகும். முதல் கோட் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே தைத்து முடித்த கோட்டுக்குக் கதகதப்புச் சேர்க்க இதுவே தோதான வழி, அதுவும் கோட்டில் இடம் இருந்தால் மட்டும்.

வெட்டுவதற்கு முன்பு மேல்துணியின் மேல் ஈரத்துணி விரித்து ஆவி ஏற இஸ்திரி போட்டுவிடுங்கள். கம்பளி உள்கோட்டுக்கும் அதையே செய்யுங்கள். மூன்று துணிகளும் வெவ்வேறு அளவில் பின்னால் சுருங்கினால் கோட்டைச் சரிசெய்யவே முடியாது. தைத்த பிறகு வீட்டில் துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங் போதும். மழைக்காலத்தில் ஊட்டி அலமாரிக்குள் கம்பளி பூசணம் பிடிக்கும், அந்துப்பூச்சியும் வரும். அதனால் லைனிங்கின் கீழ்விளிம்பைக் கோட்டோடு ஒட்டித் தைக்காமல் தனியாக மடித்துத் தைத்து, பக்கத் தையல்களில் மட்டும் ஓர் அங்குல நூல் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள். வெயில் வரும் நாளில் லைனிங்கைத் தூக்கிப் பார்த்து உள்ளே ஈரம் இருந்தால் உலர்த்தவும், உள்கோட்டின் தையல் விட்டிருந்தால் பிரிக்காமலே போட்டுக்கொள்ளவும் அந்தத் திறப்பு உதவும்.